பிடில் கேட்க வந்த மலை

ஒரு மலை பாட்டுக் கேட்பதற்காகத் தன் இடத்தை விட்டு நகர்ந்து வருவதை நீங்கள் பார்த்ததுண்டா? நெல்லிவாசல் நாடு என்கிற மலையூர்களில் அதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாரைக் கேட்டாலும், இந்த வருஷம் புளி என்ன விலைக்குப் போனது என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்வார்கள். தேன்பாறைக்கு எதிரே இருந்த கடுக்காமரத்தூர் மலை ஐப்பசி மழை விட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது, நடுவில் ஒரு நாள் மிரண்டு பின்னால் போனது, பிறகு மறுபடி வந்து நின்றுகொண்டது. இதற்குக் காரணம் அயர்லாந்து என்கிற தேசத்தில் தன் வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து பிடில் வாசித்த ஒரு கிழவர் என்பதும், அவர் வாசித்தது தேன்பாறை அன்பரசனின் கல்யாணத்தை நினைத்து அல்ல என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு ஊருக்கும் நடுவில் பெரிய பள்ளம். தேன்பாறை விளிம்பில் நின்று பார்த்தால் கடுக்காமரத்தூரில் எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, யாருடைய மாடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டது என்பதெல்லாம் தெரியும். போக வேண்டும் என்றால் மட்டும் விடிந்ததும் கிளம்பிப் பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, இரண்டு ஊருக்கும் பொதுவான ரேஷன் கடையைக் கடந்து மறுபக்கம் ஏறி, மத்தியானச் சோற்று வேளைக்குத்தான் போய்ச் சேரலாம். தேன்பாறையில் அன்பரசன் மைக் செட் வைத்திருந்தான். அப்பா அம்மா போன பிறகு தனிக்கட்டை. பக்கத்து வீடு சித்தப்பா முனிசாமியுடையது. அன்பரசனின் நான்கு குழாய் ஸ்பீக்கர்களையும் புளியமரத்தில் கட்டி அம்மன் பாட்டு வைத்தால் சுற்று வட்டாரத்தில் கோழி குஞ்சு பொரிக்காது என்று பேச்சு. அவனுக்கு அதில் பெருமைதான். கடுக்காமரத்தூர் கோபால்சாமியின் மகள் செவ்வந்தியை அவன் ரேஷன் கடை வரிசையில் பார்த்தான். அவள் அரிசிப் பையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டே, "உன் செட்டுக்கு வாயி மட்டும்தான் பெருசு, காதே கெடையாதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு மாதா மாதம் ரேஷன் போடும் நாளுக்காக அவன் காத்திருந்தான். மற்ற நாட்களில் அவள் எவர்சில்வர் தட்டை வெயிலில் திருப்பி இக்கரைக்குப் பளிச்சென்று வெளிச்சம் அடிப்பாள். ஒரு தடவை அடித்தால் சாப்பிட்டாயிற்று, இரண்டு தடவை அடித்தால் அப்பா வீட்டில் இருக்கிறார்.

கடுக்காமரத்தூரில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கூப்பிடு தூரத்துக்குள்தான் கட்டிக்கொடுப்பார்கள். மற்ற ஊர்களில் கூப்பிடு தூரம் என்பது பேச்சுக்குச் சொல்வது, அங்கே அது சட்டம். தாய் தன் வாசலில் நின்று சோறு தின்னக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டால், மகள் வாழப்போன வீட்டில் அது கேட்க வேண்டும். அதனால் அந்த ஊர்ப் பெண்கள் யாரும் ஊர் எல்லையைத் தாண்டி வாழப் போனதில்லை. காலையில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு தாய் நின்று கூப்பிடுவதும், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மகள் "இன்னாம்மா" என்று கேட்பதும்தான் அந்த ஊர் கண் விழிக்கிற சத்தம்.

அன்பரசன் நேராகவே போய்ப் பெண் கேட்டான். முறைப்படி அவன் மாமன்முறைதான், அதில் யாருக்கும் குறையில்லை. தூரம்தான் குறை. அவன் தன் தொழிலை நம்பிச் சொன்னான்: "ஒரு மைக்கு உங்க வாசல்ல வச்சிர்றேன் மாமா. அத்த கூப்டா எங்க வூட்டுல இன்னா, ஜமுனாமரத்தூர் வரைக்கும் கேக்கும்."

"மைக்கு கூப்டா மைக்குக்குத்தான்டா பொண்ணு குடுக்கணும்" என்றார் கோபால்சாமி. "கத்தறது வேற, கூப்புடறது வேற. உனுக்கு அந்த வித்தியாசமே தெரியல. எப்பப் பாத்தாலும் டண்டணக்கா. நான் ஆரணில ஒரு கண்ணாலத்துல பிடில் கேட்டேன். அது மரியாத. நீயும் ஒரு செட்டு வச்சிகினு கீற."

சாமை அறுப்பு முடிந்து கடைசிப் போர் அடித்த மறுநாள், செவ்வந்தியை அதே ஊரில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் ரஞ்சித்துக்குப் பேசி முடிப்பது என்று ஏற்பாடு. ரஞ்சித் மேல் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. செவ்வந்திக்கு அதுதான் குறை. "அவன் தும்முனா எங்க வூட்டுப் பூன முழிச்சிக்குது. இதுல கண்ணாலம் பண்ணிகினு புதுசா இன்னா கேக்கப் போறேன்?" என்று ரேஷன் கடையில் அன்பரசனிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. அதனால் அன்பரசனும் சிரிக்கவில்லை.

கோபால்சாமிக்குப் பிடித்தது பிடில் என்றால் பிடிலே போட்டுவிடலாம் என்று அன்பரசன் முடிவு செய்தான். கோபால்சாமியின் பேரக்குழந்தைக்குக் காது குத்து வந்தது, செட்டும் அவனுக்குத்தான் சொல்லியிருந்தார்கள். ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்க்கக் கண்ணமங்கலம் போனவன், பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்து, பிடில் பாட்டு ஏற்றித் தரச் சொன்னான். கடையில் இருந்தது சுவேதா என்ற பெண். வயலின் என்று கேட்டிருந்தால் அவள் கல்யாணக் கச்சேரிகளை ஏற்றிக் கொடுத்திருப்பாள். அவன் பிடில் என்றதால் அதை அப்படியே ஆங்கிலத்தில் அடித்தாள்.

"அண்ணா, ஒரு வெள்ளக்காரத் தாத்தாதான் வர்றாரு. பேரு வாயில நொழையல. ஏத்தட்டா?"

"பிடில்தான வாசிக்கறாரு?"

"பிடில்னுதான் போட்டிருக்கு. அயர்லாந்தாம். அவுங்க வூட்டு சமையக்கட்டுல குந்திகினு வாசிச்சதாம். கேட்டா ரொம்ப மெதுவா கீதுண்ணா, களை கட்டுற மாதிரியே இல்ல."

"சத்தத்த நான் பாத்துக்கறேன், நீ ஏத்து" என்றான் அன்பரசன். சத்தத்தில் அவனுக்கு அத்தனை நம்பிக்கை இருந்தது.

காது குத்து அன்று நான்கு குழாய்களையும் கட்டி, முழுச் சத்தத்தில் அந்தக் கிழவரை வைத்தான். தாளம் இல்லை, பக்கவாத்தியம் இல்லை, ஒற்றை வில் இழுக்கிற சத்தம் மட்டும். இடையிடையே மரத்தரையில் கால் தட்டுகிற டொக் டொக். குழாயில் அது ஆணி அடிப்பது போலக் கேட்டது. குழந்தை காது குத்துவதற்கு முன்பே அழுதது. கோபால்சாமி இலையில் இருந்து தலையைத் தூக்கி, "இன்னாடா இது, கதவு கீலுக்கு எண்ண போடலியா?" என்று கேட்க, பந்தியே சிரித்தது. அன்பரசன் அம்மன் பாட்டுக்கு மாற்றிவிட்டான். அன்று தேன்பாறைக்குத் திரும்பியவர்களுக்கு வழக்கத்தை விட அதிக நேரம் ஆயிற்று. பிரியாணி கனம் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அன்றே கடுக்காமரத்தூர் மலை ஒரு வயல் அகலம் பின்னால் தள்ளிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்த அன்பரசன், அந்தப் பாட்டுகளில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க, அறுந்துபோன ஒயர்களைப் பற்ற வைத்துக்கொண்டே செல்போனில் சின்னச் சத்தத்தில் வைத்தான். கோளாறு எதுவும் அகப்படவில்லை. முதலில் அவன் கேட்டது நாற்காலி. கிழவர் வில்லை இழுக்கும்போது அவருடைய நாற்காலி லேசாக முனகியது. பிறகு மூச்சு. அதன் பிறகு ஓர் ஓரத்தில் கெட்டிலோ பானையோ கொதிக்கிற சத்தம், யாரோ எழுந்து போய் அதை இறக்கி வைக்கிறார்கள், கிழவர் நிறுத்தவில்லை. பாட்டு என்று பார்த்தால் ஒரே சின்ன மெட்டு, திரும்பவும் அதே மெட்டு, திரும்பவும் அதே. நம் ஆட்களாக இருந்தால் இரண்டாம் சுற்றில் வேகம் கூட்டி, மூன்றாம் சுற்றில் வித்தை காட்டிக் கைத்தட்டு வாங்கியிருப்பார்கள். இந்த ஆள் எதையும் காட்டவில்லை. இரண்டாம் சுற்றில் ஒரே ஒரு இடத்தைத் துளி வளைத்தார், அதுவும் மாட்டைக் கட்டுத்தறியில் கட்டும்போது கயிற்றை ஒரு சுற்று அதிகமாகச் சுற்றுகிற மாதிரி, யாரும் பார்க்கட்டும் என்று அல்ல. கடைசியில் முடிந்துவிட்டது என்று சொல்லாமலே முடித்தார். அன்பரசன் பற்றவைக்கிற கம்பியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் போட்டான். அந்த வாரம் முழுக்க அவன் வேறு எதையும் போடவில்லை. ஊரையே எழுப்பத் தெரிந்த அவன், தன் ஆயுசில் முதல் தடவையாக ஒரு பாட்டுக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தான்.

கிட்டே நகர்ந்தது அவன் மட்டும் அல்ல. அடுத்த ரேஷன் நாளில் செவ்வந்தி அவனைப் பார்த்ததும் கேட்டாள்: "யோவ் மாமா, அந்தத் தாத்தா பாட்ட சாயங்காலமானா ஏன் நிறுத்திட்ற? நாங்க வெளக்கு வச்சிட்டுக் கேட்டுகினு இருக்கோம்ல."

"அங்க எப்பிடி கேக்கும்? நான் செல்லுல இல்ல வச்சிகினு இருந்தேன்."

"அதான் கேக்குது. காதுகுத்துக்கு வச்சப்ப எதுவும் கேக்கல, எரைச்சல்தான். இப்ப நாற்காலி முனவறதுகூட கேக்குது. அம்மா வேலைய வுட்டுட்டு விளிம்புல வந்து குந்திகினு இருக்கு." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நான் இன்னிக்கு எறங்கி வந்தப்ப வழி கம்மியா இருந்துச்சுய்யா. எப்பவும் உக்கார்ற பாறை வரவேயில்ல, அதுக்குள்ள ரேஷன் கட வந்திருச்சி."

அன்று திரும்பும்போது அன்பரசன் கவனித்தான். அவள் சொன்னது சரி. கிழவர் அத்தனை அடக்கமாக வாசித்தால் கேட்கிறவர்கள்தான் கிட்டே போக வேண்டும். காதுள்ளவை எல்லாம் போயின, மலையும் போயிற்று. தினமும் விடியற்காலையில் பார்த்தால் கடுக்காமரத்தூர் ஒரு முழம், இரண்டு முழம் என்று நெருங்கியிருந்தது. முதலில் குரங்குகள் கண்டுபிடித்தன, இக்கரைப் புளிக்கும் அக்கரைக் கடுக்காய்க்கும் ஒரே தாவில் போய் வந்தன. பிறகு தேனீக்கள் வந்தன. பள்ளம் குறுகியதால் ஓடை ஆழமாகி, நின்று துணி துவைக்கிற இடம் முங்கிப் போயிற்று என்று பெண்கள் சண்டை போட்டார்கள். வனத்துறையில் இருந்து ஒருவர் வந்து செல்போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்து, தூரம் பழையபடியேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வரைபடம் காட்டிய வழியிலேயே போய் மத்தியானம் சேர்ந்தார். அவரிடம் ஊர்க்காரர்கள் வாதாடவில்லை. நம்பாதவர்கள் அவர் மாதிரி சுற்றிப் போனார்கள், நம்பியவர்கள் நேரே போனார்கள்.

கோபால்சாமி நம்பினார். கண்ணுக்கு எதிரே நடப்பதை மறுக்கிற ஆள் அல்ல அவர். அன்பரசனை வரச்சொல்லி, "இப்ப நாங்க கிட்ட வந்துட்டோம்னு தெரியுது. ஆனா வழக்கம் வழக்கம்தான்" என்றார். "கடைசிப் போர் அடிச்ச மறுநாள் காலைல உங்கத்த இந்த வாசல்ல நின்னு கூப்புடுவா. கத்த மாட்டா. கஞ்சிக்கு கூப்புடற குரல். உன் வூட்டுல அது கேட்டா பொண்ணு உனுக்கு. கேக்கலன்னா அன்னிக்கே ரஞ்சித்துக்கு வெத்தல மாத்திருவோம்." அத்தை சாந்தம்மாள் அடுப்படியில் இருந்து, "என் கொரலு அவ்ளோ ஒண்ணும் பெருசு இல்லடா, பாத்துக்க" என்றாள். அது எச்சரிக்கையா ஆசீர்வாதமா என்று அன்பரசனுக்குப் புரியவில்லை.

சாமை அறுப்பு பாதி முடிந்தபோது பள்ளத்தில் மிச்சம் இருந்தது பாதி. நாள் போதாது என்று சித்தப்பா முனிசாமி கணக்குப் போட்டார். அவர் சொன்ன யோசனை யாருக்கும் தப்பாகப் படவில்லை. "குசுகுசுன்னு வாசிச்சதுக்கே இவ்ளோ தூரம் வந்துச்சே, நாலு கொழாயிலயும் வுட்டின்னா வந்து மடியில குந்திக்கும்டா." காது குத்து அன்று என்ன நடந்தது என்று அன்பரசனுக்குத் தெரியும். இருந்தாலும் செவ்வந்தியின் முகம் மனசில் இருந்தது, கையில் தொழில் இருந்தது. மரத்தில் ஏறிக் குழாய்களைக் கட்டி, முழுச் சத்தத்தில் வைத்தான். முதலில் குரங்குகள் அந்தப் பக்கம் தாவிக்கொண்டன. பிறகு ஆட்டுமந்தையைத் திருப்பி ஓட்டுகிற மாதிரி ஒரு சரசரப்பு கேட்டது. அவன் இறங்கி ஓடிவந்து ஒயரைப் பிடுங்குவதற்குள் கடுக்காமரத்தூர் போயே விட்டது. முன்பு இருந்த இடத்தையும் தாண்டி, வெகு தூரத்தில் நீலமாக நின்றது. எந்த வீட்டு அடுப்பு என்று தெரியவில்லை. தட்டில் இருந்து வந்த வெளிச்சம் ஒரு தடவையா இரண்டு தடவையா என்று சொல்ல முடியாத அளவுக்கு மங்கியிருந்தது.

முனிசாமி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு ஊரை அடக்கக் கிளம்பினார். மாவு மிஷினை நிறுத்தச் சொன்னார். நாய்களுக்குப் பழைய சோறு போட்டுத் தூங்க வைத்தார். கோழி வைத்திருந்தவர்கள் கூடைபோட்டு மூடினார்கள். புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் கிசுகிசுவென்று நடந்தன, அப்படி நடந்ததில் பாதி சண்டைகள் நடுவிலேயே சிரிப்பில் முடிந்தன. அன்பரசன் குழாய்களை இறக்கி வீட்டுக்குள் போட்டுப் பூட்டினான். விளிம்பில் உட்கார்ந்து செல்போன் சத்தத்தை ஒரே ஒரு கோட்டில் வைத்துக் கிழவரைப் போட்டான். மலை வரவில்லை. அவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், தூண்டில் போட்டவன் தக்கையைப் பார்க்கிற மாதிரி. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அக்கரையில் கடைசிக் களத்தில் போர் அடிக்கிற தூசி எழும்பியது, இங்கிருந்து பார்க்க யாரோ பீடி பிடிப்பது போல இருந்தது.

அந்தக் கடைசி நாள் சாயங்காலம் அன்பரசனுக்குக் கழுத்து வலித்தது. அவன் மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான். சித்தப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடுவில் செல்போன். கிழவர் தன் சமையல்கட்டில் யாருக்காகவும் இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார். முதல் சுற்றுப் போயிற்று, இரண்டாம் சுற்றுப் போயிற்று. மூன்றாம் சுற்றில், முன்பு இரண்டு தடவையும் வந்த ஒரு சுரம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. வில் அந்த இடத்தில் சும்மா நின்று, அதற்கு அடுத்ததற்குப் போயிற்று. இத்தனை நாள் கேட்டும் அன்பரசன் அதைக் கவனித்ததில்லை.

"ஒண்ண வுட்டுட்டான்டா" என்றார் முனிசாமி மெதுவாக.

"வுடல சித்தப்பா. நமக்கு வுட்டு வச்சிருக்காரு. நல்லா கேளு, அது உள்ள வருது."

முனிசாமி கண்ணை மூடிக்கொண்டு அடுத்த தடவைக்குக் காத்திருந்தார். வாசிக்காத அந்தச் சுரம் அவருக்கும் கேட்டது. அவர் பல்லைக் காட்டிச் சிரித்தார். அன்பரசனும் சிரித்தான். கொஞ்ச நேரத்துக்கு அவன் கல்யாணத்தை மறந்திருந்தான், மலையை மறந்திருந்தான், தான் மைக் செட்காரன் என்பதையும் மறந்திருந்தான். அவர்களுடைய முதுகில் சில்லென்று நிழல் விழுந்தது. சாயங்கால வெயிலை மேகம் மறைக்கிறது என்று நினைத்தார்கள். பாட்டு முடிந்ததும் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். ஓர் எட்டில் தாண்டுகிற ஓடைக்கு அந்தப் பக்கம், தன் வீட்டு வேலி ஓரமாகச் செவ்வந்தி குந்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கடுக்காமரத்தூர் மொத்தமும் நின்றுகொண்டிருந்தது, மாடு கன்று சாமைப் போரோடு.

"இன்னாய்யா பாக்கற? இன்னொரு தரம் போடு" என்றாள் அவள். "ஆனா சத்தம் வைக்காத."

மறுநாள் காலையில் சாந்தம்மாள் தன் வாசலில் நின்று, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "அன்பரசா, கஞ்சி ஆறுது" என்றாள். அன்பரசன் தன் வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு, "வர்றேன் அத்த" என்று சொல்லி, ஓடையைத் தாண்டிப் போய்க் குடித்தான்.